பதினாலாம் குழி இன்னும் மக்கவில்லை

"ஒரு சமுதாயத்தின் உயர்வை அது எழுப்பிய கோபுரங்களைக் கொண்டு அளக்கக் கூடாது, தன் அழுக்கை அது எவ்வாறு அழகாக்கியது என்பதைக் கொண்டே வரலாறு அதை அளக்கும்."

1974-ஆம் ஆண்டு தை மாதம், நாவல்பேட்டைப் பஞ்சாயத்துத் தலைவர் மணவாளன் பூங்காத் திறப்பு விழாவில் இந்த வாசகத்தை இரண்டு முறை படித்தார். முதல் முறை ஒலிபெருக்கியிலிருந்து கோழி கொக்கரிப்பது போன்ற ஒரு சத்தம் மட்டும் வந்தது. இரண்டாம் முறை வாசகம் தெளிவாக வந்தது. அதற்குள் அமைச்சர் இளநீர் குடிக்கத் தொடங்கியிருந்தார்.

பூங்கா வருவதற்கு முன் அந்த இடத்துக்குப் பெயர் குப்பைமேடு. கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவில், ஜி.என்.டி. ரோட்டை ஒட்டியே இருந்தது. பஸ் கண்டக்டர்கள் அங்கே ஊர்ப்பெயரைக் கூவுவதில்லை. எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள். அவர்களில் நாவல்பேட்டைக்காரர்கள் மட்டும் எழுந்து நிற்பார்கள்.

மேட்டின் பின்புறம் இருபது எருக்குழிகள். இடுப்பளவு ஆழம், ஆள் படுத்தால் இரண்டு ஆள் நீளம். ஒரு வரிசை தெருக்குப்பை, அதன் மேல் பெண்கள் வீடு வீடாகப் போய்க் கக்கூஸ்களிலிருந்து வாளியில் அள்ளி வந்த மற்றது, மறுபடி குப்பை, மறுபடி மற்றது, கடைசியில் மண். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் கறுப்பாக, பொலபொலவென்று, வாசனையே இல்லாமல் எரு இருக்கும். குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குழி. கன்னியம்மா இருபது வருடமாக அங்கே வேலை செய்கிறவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் கையில் ஒரு பிடி எடுத்துத் தெருவைச் சொல்லிவிடுவாள்.

"இது மார்க்கெட் தெரு, மீன்முள்ளு குத்துது. இது செட்டித் தெரு, வெங்காயத் தோலு. இது மூணாம் குழி, மண்டபத் தெரு. தெனம் வாழ எலையில துன்றவங்க, எரு எப்பிடி மெத்துனு கீது பாரு!"

பதினாலாம் குழிக்கு மட்டும் தெரு கிடையாது.

அறுபத்து நாலு ஐப்பசியில் அந்தக் குழியை வெட்டி வைத்திருந்தார்கள். குப்பை போடத் தொடங்கவில்லை. ஊரில் வாந்திபேதி. வாளி சுமக்கும் சாராளுக்கு அப்போது பிறந்து பதினொரு நாள் ஆன ஒரு பெண் குழந்தை இருந்தது; வியாழக்கிழமை காலை அது இல்லாமல் போயிற்று. அவள் புருஷன் யேசுதாஸ் துணியில் சுற்றிக்கொண்டு வேதக்கோயில் உபதேசியாரிடம் போனான். பாதிரியார் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று உபதேசியார் வருத்தத்தோடு சொன்னார். வருத்தம் உண்மையானதுதான், கதவைத்தான் திறக்கவில்லை. யேசுதாஸ் சேரிச் சுடுகாட்டுக்குப் போனான். வேதக்காரப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். மழை வலுத்தது. கையில் இருப்பதோ இன்னும் பெயர்கூட வைக்காத ஒன்று.

யேசுதாஸும் அந்த நாளில் எருக்குழி வெட்டுகிறவன். தனக்குத் தெரிந்த, யாரும் வேண்டாமென்று சொல்லாத ஒரே குழிக்குப் போனான். அடியில் ஆற்றுமணல் போட்டான். மேலே சுத்தமான செம்மண்ணைச் சுமந்து வந்து நிரப்பினான். ஒரு கூடை குப்பைகூட அதில் விழவில்லை.

சுகாதார மேஸ்திரி தணிகாசலம் குடையோடு வந்தவர் பார்த்துவிட்டார்.

"பதினாலு ரொம்பிப் போச்சின்னு சொல்லிட்றேன்" என்றார். "நீ ஊட்டுக்குப் போ."

அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். தணிகாசலம் இரும்புக் கம்பியை ஒவ்வொரு குழியிலும் குத்தி எடுத்து, முகர்ந்து, முடிவு சொல்வார். பதினாலுக்கு வந்ததும் கம்பியைப் பக்கத்துத் தரையில் குத்துவார்.

"இன்னும் மக்கல, சார்."

அதிகாரிகள் மாறினார்கள். ஆட்சி மாறியது. பதினாலு மக்கவில்லை. எந்த அதிகாரியும் காரணம் கேட்கவில்லை. கேட்டால் பக்கத்தில் வந்து குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படி ஒன்பது வருடம் போன பிறகுதான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையைத் திறந்து வைக்க அமைச்சர் வரப்போகிறார் என்ற செய்தி வந்தது. ஜி.என்.டி. ரோடு வழியாக ஆரம்பாக்கம் வரை போய்த் திரும்புகிறார்.

"என் ஊரைக் கடக்கும்போது அமைச்சர் மூக்கைப் பொத்தினால், அது மூக்கைப் பற்றிய விஷயம் இல்லை, என்னைப் பற்றிய விஷயம்" என்று தலைவர் மணவாளன் பஞ்சாயத்துக் கூட்டத்தில் சொன்னார். அன்றே பூங்கா தீர்மானமாயிற்று. ஒரு செயற்கை நீரூற்று, நாலு சிமெண்ட் பெஞ்சு, ஒரு சீசா, செம்பருத்தி வேலி. எல்லாக் குழிகளையும் காலி செய்து மண் நிரப்பி, மேலே புல் பதிக்க வேண்டியது.

பத்தொன்பது குழிகள் காலியாயின. எருவெல்லாம் வண்டிகளில் போயிற்று. மூன்றாம் குழி எருவை மட்டும் தலைவர் தன் தென்னந்தோப்புக்கென்று சொல்லி ஓரமாகக் குவித்து வைக்கச் சொன்னார். தன் தெரு எருவென்றால் அவருக்கு ஒரு தனி அபிமானம்.

ஒருநாள் மாலை அவர் வேலையைப் பார்வையிட வந்தார். பார்வையிடுவதென்றால் ரோட்டில் நின்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வது. தலைவரான ஆறு வருடத்தில் அவர் அந்த மேட்டின் மேல் காலை வைத்ததில்லை.

"யோவ் மேஸ்திரி, பத்தொம்பதும் காலி. அந்த ஒண்ணு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி?"

"அது இன்னும் மக்கல, தலைவரே."

"எப்ப போட்டது?"

தணிகாசலம் ஒரு மூச்சில் ஒரு பொய்தான் சொல்லத் தெரிந்தவர். "அறுபத்தி நாலுல."

கைக்குட்டை கீழே இறங்கியது. "ஒம்பது வருசமா மக்கலியா? நானே ஒம்பது வருசத்துல மக்கிப் போயிருப்பேனேய்யா!"

கூடையோடு நின்ற கன்னியம்மா சிரிப்பை இருமலாக்கினாள். சாராள் சிரிக்கவில்லை. மண்வெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேஸ்திரியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது சாதாக் குழி இல்ல, தலைவரே" என்றார் மேஸ்திரி. "வெச்சிப் பாக்குற குழி. நாளாவ நாளாவ உள்ள சத்து ஏறிக்கினே இருக்கும்."

"லேகியம் மாதிரியா?"

"அதேதான்."

தலைவர் கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் எதிரே ஏதோ ஒரு பெயர்ப் பலகை தெரிகிறதென்று அர்த்தம். திறந்தபோது குரல் மேடைக்குரலாகிவிட்டிருந்தது.

"ஒன்பதாண்டுப் பொன்னுரம்! தமிழ்நாட்டில் வேறெந்தப் பஞ்சாயத்தில் இருக்கிறது? மேஸ்திரி, அதை யாரும் தொடக் கூடாது. சுத்தி கம்பி வேலி போடு. வெள்ள பெயிண்டு அடி. பலகை நான் எழுதித் தரேன்."

வேலி வந்தது. சுற்றிலும் கனகாம்பரம் வைத்தார்கள். நாய்களை விரட்ட ஒன்பது வருடமாகச் சாராள் அங்கே ஒரு தடியைச் செருகி வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் அதைப் பிடுங்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள். இனி அது வேண்டியதில்லை.

அந்த நிம்மதி சரியாகப் பன்னிரண்டு நாள் இருந்தது.

பதின்மூன்றாம் நாள் அழைப்பிதழ் அச்சாகி வந்தது. மேஸ்திரி அதை எடுத்துக்கொண்டு நேராகக் குப்பைமேட்டுக்கு வந்தார். யேசுதாஸ் இப்போது கும்மிடிப்பூண்டியில் இரும்புப் பட்டறை ஒன்றில் வேலை. நீரூற்றுக்கு மேடை கட்டும் கூலிக்காக அன்று லீவு போட்டிருந்தான். அவனும் சாராளும் கன்னியம்மாவும் புல் பதித்துக்கொண்டிருந்தார்கள்.

"படிக்கிறேன், கேளு. 'மாண்புமிகு அமைச்சர் அவர்கள், ஒன்பதாண்டு முதிர்ந்த பொன்னுரத்தைக் குழியினின்றும் தம் திருக்கரத்தால் எடுத்து, அரசமரக் கன்றுக்கு இடுவார்கள்.'"

சாராள் கையிலிருந்த புல்லைக் கீழே வைத்தாள்.

"திருக்கரமா?" என்றாள் கன்னியம்மா. "அந்தாளு ஒரு கை அள்ளுனா போதும்மா... ஐயோ, வேணாம்."

"அந்தக் குழியில மம்புட்டி பட்டுச்சின்னா, நான் குறுக்க படுத்துக்குவேன்" என்றாள் சாராள். குரலை உயர்த்தவில்லை. "மந்திரி என் மேல கால வெச்சித்தான் அள்ளணும்."

"படுத்தா போலீசு தூக்கிக்கினு பூடும். அப்பறம் தோண்டுவாங்க" என்றார் மேஸ்திரி. "இன்னும் அஞ்சி மாசத்துல எனக்கு ரிட்டயர்டு. சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன், வெளிய தெரிஞ்சா என் பென்சனும் பூடும்."

யேசுதாஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நாமளே விடியக்காலைல எடுத்துட்லாம் சாராள். வேற எங்கனா..."

"எங்க?"

அவன் ஒரு பிடி புல்லை எடுத்து மண்ணில் அழுத்தினான்.

"சொல்லுய்யா, எங்க? அன்னிக்கி நீ மழையில அத்தக் கையில வெச்சிக்கினு ஊரெல்லாம் சுத்துனியே, எவன் எடம் குட்த்தான்? இப்ப மட்டும் குட்த்துடுவானா? அது எங்கியும் வராது. அங்கியே கெடக்கட்டும். ஒம்பது வருசமா நான் தெனம் பாத்துக்கினு கீறேன். அதுக்கு அந்த எடம்தான் பழக்கம்."

ரோட்டில் ஒரு நெல்லூர் லாரி போயிற்று. கன்னியம்மா எழுந்து ஓரத்துக்குப் போனாள். தலைவரின் தோப்புக்குப் போகக் காத்திருந்த மூன்றாம் குழிக் குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்து வந்து மேஸ்திரியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதுக்கு இன்னா வயசு, சொல்லு மேஸ்திரி."

"ஒரு வருசம்."

"உனக்குத் தெரியும். மந்திரிக்குத் தெரியுமா?"

மறுநாள் தணிகாசலம் தலைவர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று, இன்னொரு பொய்யைச் சொன்னார். குழியை அமைச்சர் முன்னால் திறந்தால் ஒன்பது வருட ஆவி மொத்தமாகக் கிளம்பும். வெள்ளை வேட்டி, பட்டுத் துண்டு எல்லாம் இருக்கிறது. முன்னதாகவே ஒரு தாம்பாளத்தில் எடுத்து வைத்துவிட்டால் மரியாதையாக இருக்கும்.

தலைவர் ஆவியைவிடத் தாம்பாளத்தில்தான் மயங்கினார். "வெள்ளித் தாம்பாளம்! மேலே மஞ்சள் பட்டு! என் சம்சாரம் ரத்னா ஏந்தி வருவாள். குழியிலிருந்து அள்ளும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டுமா?"

"ஆவி வரும், தலைவரே."

"நீயே பார்த்துக்கொள்."

விழாவன்று காலை ஏழு மணிக்குச் சாராள் மூன்றாம் குழிக் குவியலிலிருந்து ஒரு கூடை அள்ளினாள். இரண்டு தரம் சலித்தாள். கல், ஓடு எதுவும் இல்லாமல் மைபோல ஆனதும் தலைவர் வீட்டுப் பின்வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ரத்னா அம்மாள் அதை வெள்ளித் தாம்பாளத்தில் கோபுரமாகக் குவித்து, மேலே ஒரு ரோஜாப்பூவைச் செருகினாள். நல்ல அம்மாள், கூடையைத் தொடாமல் வாங்க ஒரு வழி வைத்திருந்தாள்.

பத்து மணி விழாவுக்கு அமைச்சர் பன்னிரண்டரைக்கு வந்தார். தொழிற்சாலையில் இரும்புத் துண்டு காலில் விழுந்துவிடுமென்று சொல்லி அவருக்கு முழங்கால் வரை பூட்ஸ் மாட்டி, கயிற்றை முடிச்சுப் போட்டு விட்டிருந்தார்கள். அவிழ்க்க நேரமில்லாமல் வேட்டியும் பூட்ஸுமாக வந்து இறங்கினார். மறைவில் உயரமான பரண் மேல் நின்றிருந்த யேசுதாஸ் டிரம்மில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, நீரூற்று பீறிட்டது. கைதட்டினார்கள். அவன் ஓயும்போதெல்லாம் நீரூற்றும் ஓய்ந்தது.

குருக்கள் தேங்காய் உடைத்தார். அதன் பிறகு, சர்வமதமும் சமம் என்பதால், உபதேசியாரை அழைத்தார்கள். ஒன்பது வருடத்தில் தலை நரைத்திருந்தது. அவர் பூங்கா முழுவதன் மேலும் கையை நீட்டி, கண்ணை மூடி, "கர்த்தாவே, இந்த நிலத்தையும் இதில் இளைப்பாறும் யாவரையும் ஆசீர்வதியும்" என்று ஜெபித்தார். வேலிக்குப் பக்கத்தில் விளக்குமாற்றோடு நின்றிருந்த சாராள் ஆமென் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் அவள் குரல் ஒன்றுதான் கேட்டது. உபதேசியார் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு அவள் பக்கத்திலிருந்த வேலியைப் பார்த்தார். அவருக்கு ஏதாவது நினைவு வந்ததா என்று தெரியாது. போய் உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் உரை முடிந்ததும் ரத்னா அம்மாள் தாம்பாளத்தோடு வந்தாள். அமைச்சர் பட்டுத் துணியை விலக்கி ஒரு பிடி எடுத்தார். முகர்ந்தார். முகர்ந்து பார்த்து வாசனை இல்லாததில் அவருக்கு ஏற்பட்ட ஆச்சரியம் நிஜமானது.

"ஒன்பது மாதம் சுமப்பவள் தாய்! ஒன்பது ஆண்டு சுமந்தவள் இந்த மண்!" என்றார் ஒலிபெருக்கியில். கூட்டம் ஆர்ப்பரித்தது. சாராள் ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினாள்.

அமைச்சர் அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் திருநீறு போல நெற்றியில் இட்டுக்கொண்டார். தலைவர் விடுவாரா? அவர் இரண்டு விரலால் அள்ளிப் பட்டையாகவே போட்டார். பிறகு கவுன்சிலர்கள், தலைமை ஆசிரியர், கட்சிக்காரர்கள் என்று வரிசை நின்றது. அரசங்கன்றுக்கு மிஞ்சியது ஒரு கை.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அமைச்சருக்குத் தன் பேச்சைக் கேட்டுத் தனக்கே உணர்ச்சி வந்துவிட்டது.

"தாம்பாளத்தில் எடுத்ததை எவனும் எடுப்பான். அந்தத் தாயின் மடியிலிருந்தே ஒரு பிடி எடுக்கிறேன்!"

அவர் வேலியை நோக்கி நடந்தார். தலைவர் பின்னால் ஓடினார். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். பரண் மேல் யேசுதாஸின் கையில் குடம் அப்படியே நின்றது, நீரூற்று அடங்கியது. அமைச்சர் ஒரு பூட்ஸ் காலைத் தூக்கி வேலிக் கம்பியின் மேல் வைத்தார்.

"சாமி" என்றாள் சாராள்.

அமைச்சர் திரும்பினார்.

"செருப்பக் கழட்டிட்டுப் போ சாமி."

தலைவர் நெற்றிப் பட்டையோடு வெளிறிப்போனார். "ஏய், யாரு அது! தள்ளு! யாருகிட்ட பேசறே?"

"உள்ள செருப்போட போவக் கூடாது. யாரா இருந்தாலும்."

அமைச்சர் தன் பூட்ஸைப் பார்த்தார். முழங்கால் வரை கயிறு, பதினாறு துளை, முடிச்சோ யாரோ போட்டது. குனிய வயிறு இடம் தராது. சுற்றிலும் அறுநூறு பேர். அவர் காலைக் கீழே இறக்கினார்.

"பார்த்தீர்களா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். "மண்ணின் மீது ஒரு தொழிலாளிக்கு இருக்கும் பக்தி! இவள் எனக்குப் பாடம் சொன்னாள்!" பிறகு வேலிக்கு வெளியிலேயே நின்று, பதினாலாம் குழியை நோக்கி இரண்டு கையும் கூப்பி, தலை குனிந்தார். அமைச்சர் குனிந்ததால் தலைவர் குனிந்தார். தலைவர் குனிந்ததால் ஊர் எழுந்து நின்றது. அரை நிமிடம் ஒரு சத்தம் இல்லை. சாராள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

அமைச்சர் காரில் ஏறியதும் தணிகாசலம் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். பெயிண்டு காயவில்லை.

"செருப்பக் கழட்டச் சொன்னியேமே" என்றார். "கழட்டியிருந்தான்னா?"

"எனக்கு இன்னா தெரியும்" என்றாள் சாராள். "கால்ல கயிறு கட்டிக்கினு வந்தானே, அத்தப் பாத்தேன், சொன்னேன்."

அந்த வருடம் கோடையிலேயே நீரூற்று நின்றுபோயிற்று. அடுத்த வருடம் சீசாவின் ஒரு பக்கத்தை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். மழைக்காலத்துக்குள் பூங்காவின் வடக்கு மூலையில் மறுபடியும் குப்பை விழத் தொடங்கியது. வெள்ளை வேலி மட்டும் நன்றாக இருந்தது. பூங்காவைப் பெருக்கும் வேலை சாராளுக்குக் கொடுத்திருந்தார்கள். தலைவரின் வரவேற்பறையில், அமைச்சரும் அவரும் நெற்றியில் உரத்தோடு சிரிக்கும் படம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது.

படத்தில் உள்ள உரம் மூன்றாம் குழியுடையது. மூன்றாம் குழி மண்டபத் தெருவுக்கானது. மண்டபத் தெருவில் மற்ற எல்லாரும் ஏரிக்கரைக்குத்தான் போனார்கள். கக்கூஸ் இருந்தது தலைவர் வீட்டில் மட்டும்.